'அது எங்கள் வரலாறு அல்ல' என்று எழுதியவர்களுக்கு: அவுக்ஸ்ட் பயணம் பற்றி ஒரு திறந்த மடல்

எங்கள் தமிழ்ப் பாடசாலையின் நிர்வாகக் குழுவினருக்கும் பெற்றோர் பிரதிநிதிகளுக்கும்,

போன வியாழக்கிழமை இரவு வட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட அறிவித்தலை மூன்று தரம் வாசித்தேன். சுவிஸில் பாசலுக்குப் பக்கத்தில், ரோமரின் இடிபாடுகள் இருக்கும் அவுக்ஸ்ட் ஊருக்கு வருடாவருடம் போகும் பயணம் இந்த வருடத்திலிருந்து இல்லை, பதிலுக்குப் பிள்ளைகளைக் கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறோம் என்று எழுதியிருந்தீர்கள். காரணங்களையும் சொல்லியிருந்தீர்கள். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, எல்லாம் கல். பிள்ளைகள் சுவிஸ் பள்ளிக்கூடத்தோடு ஏற்கெனவே போய்வந்துவிட்டார்கள். கடைசியாக ஒரு வரி: 'அது எங்கள் வரலாறு அல்ல.'

அந்தப் பயணத்தை 11 வருடம் ஒழுங்கு செய்தவள் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதில் வருத்தம் இருக்கிறது, அதை விடுவோம். பெற்றோர் கூட்டத்தில் பேச்சுக்கே எடுக்காமல் முடிவெடுத்ததை அப்படி விட முடியவில்லை. அந்தக் கடைசி வரியையோ கொஞ்சமும் விட முடியவில்லை. அதனால்தான் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் என் பக்கத்துப் பிழையைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் நாங்கள் போன நாள் கொடும் வெயில். அரங்கின் கற்படிகளில் நிழலே இல்லை. கொண்டுபோன தண்ணீர் மதியத்துக்கு முன்னமே முடிந்துவிட்டது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தலைசுற்றி உட்கார்ந்துவிட்டது. திகதியைத் தெரிவு செய்தவள் நான், ஆகவே அந்தப் பிழை என்னுடையது. அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன், இங்கேயும் கேட்கிறேன். ஆனால் வெயிலுக்கு மருந்து திகதியை மாற்றுவதுதான். பயணத்தையே வெட்டி எறிவதா?

நான் அவுக்ஸ்டிலேயே குடியிருப்பவள். உங்களில் பலருக்கு அது பாசலிலிருந்து வேகப்பாதையில் போகும்போது கண்ணில் படும் ஒரு பெயர்ப்பலகை. ஏறத்தாழ 1,000 பேர் வாழும் ஊர். எர்கோல்ஸ் ஆறு வந்து ரைனில் விழும் இடம். பக்கத்தில் கைசர் அவுக்ஸ்ட். இரண்டுக்கும் நடுவில் ஒரு சிற்றோடைதான், ஆனால் இது பாசல்-லாண்ட்சாஃப்ட் மாநிலம், அது ஆர்காவ் மாநிலம். அது ஹப்ஸ்பர்க் பேரரசரின் பக்கமாக இருந்ததால் 'கைசர்', அதாவது ஜெர்மனில் பேரரசர், என்ற முன்னொட்டு ஒட்டிக்கொண்டது. 1803இல் ஆர்காவோடு சேர்ந்த பிறகும் பெயர் மாறவில்லை. பேரரசர் போய்விட்டார், பெயர் நின்றுவிட்டது. இதைச் சொன்னதும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "அப்ப எங்கட ஊரிலயும் ராசா இல்லாமல் ராசாவீதி இருக்குத்தானே ரீச்சர்" என்றான். நல்லூரில் அவன் தாத்தாவின் வீடு இருந்த தெருவைச் சொன்னான். இலங்கைக்கு ஒரே ஒரு தரம்தான் போயிருக்கிறான். அந்தத் தெருவின் பெயர் அவனுக்கு நினைவு வந்தது இங்கே, எர்கோல்ஸ் கரையில்.

'வெறும் கல்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவிடுங்கள்.

கி.மு. 44இல் லூசியுஸ் முனாத்தியுஸ் பிளாங்குஸ் என்ற ரோமத் தளபதி இந்தக் குடியேற்றத்தை நிறுவினான். இத்தாலியில் கயேத்தா என்ற இடத்தில் இருக்கும் அவனுடைய கல்லறையிலேயே அப்படிப் பொறித்திருக்கிறது. ரவுரிக்கர் என்ற கெல்டிக் மக்கள் வாழ்ந்த நிலம் என்பதால் அவர்கள் பெயரும், பின்னால் அகுஸ்துஸ் பேரரசனின் பெயரும் சேர்ந்து அவுகுஸ்தா ரவுரிக்கா ஆயிற்று. இன்றைய 'அவுக்ஸ்ட்' அதன் தேய்ந்த வால். நல்ல காலத்தில் 10,000க்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த நகரம் அது. இன்றைய ஊரைப்போல் பத்து மடங்கு. ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே இந்த அளவுக்கு நன்றாக நிற்கும் ரோம அரங்கு வேறொன்றில்லை என்பார்கள். 10,000 பேர்வரை இருந்து பார்க்கக்கூடிய அரங்கு. அதற்கு நேர் எதிரே ஷோன்பூல் குன்றில் கோயில். அரங்கின் படியில் இருந்தவன் கூத்தையும் பார்த்தான், அதன் பின்னால் கோயிலையும் பார்த்தான். கோயிலுக்கு முன்னால் கூத்து நடப்பதை எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. திருவிழாவில் பார்த்துப் பழகியவர்கள்தானே.

நடுக்காலத்தில் இது அரங்கு என்பதே ஊராருக்கு மறந்துபோயிற்று. இடிந்து நின்ற சுவர்களை ஏதோ பழைய கோட்டை என்று நினைத்து 'ஒன்பது கோபுரங்கள்' என்று கூப்பிட்டார்கள். கல்லை உருவிக் கொண்டுபோய் வீடு கட்டினார்கள், சலவைக்கல்லைச் சூளையில் போட்டுச் சுண்ணாம்பு ஆக்கினார்கள். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் பசிலியுஸ் அமர்பாக் என்ற பாசல் சட்ட அறிஞர் ஆள் வைத்து அளந்து பார்த்து, இது கோட்டை அல்ல, அரங்கு என்று கண்டுபிடித்தார். 1884இல் பாசலின் வரலாற்றுச் சங்கம் அந்த நிலத்தை விலைக்கு வாங்கியது. 1992 முதல் 2007 வரை 15 வருடம் எடுத்துச் செப்பனிட்டார்கள். நான் அவுக்ஸ்டுக்கு வந்த புதிதில் அது சாரமும் தகரமுமாகத்தான் நின்றது. கல் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டுதான் கடைக்குப் போய்வந்தேன். ஒரு சின்ன ஊரில் ஒரு பழைய சுவருக்கு 15 வருடம் செலவழிக்கிறார்களே என்று அப்போது எனக்கும் விளங்கவில்லை.

விளங்கவைத்தவர்கள் பிள்ளைகள்தான். முதல் தடவை கூட்டிப்போனபோது எனக்கு ஒரு திட்டமும் இல்லை. ரோல்ஸும் புளிச்சோற்றுப் பொதியும் கட்டிக்கொண்டு, நல்ல காற்று வாங்கி வருவோம் என்றுதான் போனோம். அரங்கின் நடுவில் ஒரு பிள்ளையை நிறுத்தி, வகுப்பில் மனப்பாடம் செய்த செய்யுளைச் சொல்லச் சொன்னேன். மற்றவர்களை மேல்படிக்கு அனுப்பினேன். வகுப்பில் அவள் வாய்க்குள்ளேயே முணுமுணுப்பாள், முன்வாங்கில் இருப்பவருக்கே கேட்காது. இங்கே மேலே இருந்தவர்கள் "கேக்குது, கேக்குது" என்று கத்தினார்கள். அவள் இரண்டாம் தடவை இன்னும் சத்தமாகச் சொன்னாள். பிறகு எல்லாரும் வரிசை கட்டி நின்றார்கள். ஒரு மணித்தியாலம் தமிழ்ச் செய்யுள்தான் அந்த அரங்கில் ஓடியது. ஜெர்மன் பேசும் வயதான தம்பதி ஒன்று சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டுவிட்டுக் கைதட்டிப் போனது.

நான் இந்தப் பயணத்தை ஏன் விடமாட்டேன் என்கிறேன் என்பதற்கு உண்மையான காரணம் இதற்குள் இருக்கிறது.

எங்கள் பிள்ளைகளின் தமிழ் எதற்கெல்லாம் பயன்படுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? சாப்பிடு, குளி, அம்மம்மாவோடு போனில் கதை, கோயிலில் சத்தம் போடாதே. அவ்வளவுதான். பாசல், ரைன், பள்ளிக்கூடம், டிராம், அரசியல், இயந்திரம் எல்லாம் ஜெர்மனில். வகுப்பில் நாங்கள் படிப்பிப்பதும் பனைமரம், கிணற்றடி, வண்டில் என்று அவர்கள் கண்ணால் காணாத பொருட்களின் பெயர்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கும் அந்தப் பனை வேண்டும். ஆனால் தமிழ் எப்போதும் அங்கே இருப்பதைப் பற்றி மட்டுமே பேசும் மொழி என்று ஒரு பிள்ளை நினைத்துவிட்டால், இங்கே இருக்கும் அவளுக்கு அது எதற்கு?

அவுக்ஸ்டில் தமிழுக்கு வேலை இருக்கிறது. பழைய குளிப்பிடத்தின் நிலத்தடிக் கழிவுவாய்க்கால் ஒன்றுக்குள் குனிந்து நடந்து போகலாம். உள்ளே போன பையன்கள் 'க்ளோவாக்கே' என்றுதான் கத்துவார்கள். தமிழில் என்ன என்று கேட்டால், ஒருவன் சாக்கடை என்பான், இன்னொருத்தி வாய்க்கால் என்பாள், இரண்டும் ஒன்றா என்று சண்டை வரும். சண்டை முடியும்போது இரண்டு சொல்லும் அவர்களுடையதாகிவிடும். தூண், வளைவு, செங்கல், சுண்ணாம்பு, நீர்த்தாங்கி, அச்சு. இந்தச் சொற்களை நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட வருடங்களில் ஒன்றும் நிற்கவில்லை. நிலத்தடிக் கிணற்றுக்குப் படியிறங்கி, அங்கே கள்ளக்காசு வார்த்த களிமண் அச்சுகள் கிடைத்தன என்று சொன்னால், 'அச்சு' என்ற சொல்லை அதற்குப் பிறகு யாரும் மறப்பதில்லை. கள்ளக்காசு என்பதையும்தான். அது வேறு கதை.

வகுப்பில் எப்போதும் ஜெர்மனிலேயே பதில் சொல்லும் ஒரு மாணவி இருந்தாள். எட்டாம் வகுப்பு. அவளை எந்த ஆசிரியைக்கும் தமிழில் பேசவைக்க முடியவில்லை. அவுக்ஸ்டில் சின்னப் பிள்ளைகள் ஆறு பேரை அவளிடம் ஒப்படைத்தேன். அவர்களில் இருவர் அப்போதுதான் ஊரிலிருந்து வந்தவர்கள், ஜெர்மன் தெரியாது. எர்கோல்ஸ் பள்ளத்தாக்கு வழியே ஆறரைக் கிலோமீற்றர் தூரத்துக்குத் தண்ணீர் எப்படி வந்தது என்று அவள்தான் விளக்கவேண்டும். கையால் மண்ணில் கோடு கீறி, சரிவு காட்டி, தெரியாத சொல்லுக்கு என்னைப் பார்த்துப் பார்த்து, முழுவதையும் தமிழில் சொன்னாள். 'தண்ணி தானா இறங்கும், ஆனா கொஞ்சம் கொஞ்சமா இறங்கவேணும்' என்ற அவள் வசனம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கேளிக்கைப் பூங்காவில் ராட்டினம் எப்படிச் சுற்றுகிறது என்று யாராவது யாருக்காவது தமிழில் விளக்கப்போகிறார்களா?

இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் சுவிஸ் பள்ளிக்கூடத்தோடு போய்வந்துவிட்டார்கள் என்கிறீர்கள். உண்மைதான், பலர் போயிருக்கிறார்கள். ஜெர்மனில் போனார்கள். பெற்றோர் இல்லாமல் போனார்கள். எங்கள் பயணத்தில்தான் 20 வருடம் பாசலில் வாழ்ந்த அப்பாக்கள் முதல் தடவையாக அந்த அரங்கைப் பார்த்தார்கள். ஒரு அப்பா உணவகச் சமையலறையில் வேலை. ஞாயிறு ஒரு நாள்தான் ஓய்வு. அருங்காட்சியகத்தில் வெள்ளிப் புதையலின் முன்னால் நெடுநேரம் நின்றார். 1961-62 குளிர்காலத்தில் கைசர் அவுக்ஸ்டில் நிலத்தைத் தோண்டிய இயந்திரம் வெளியே இழுத்துப்போட்ட புதையல் அது. 270 பொருட்கள், 58 கிலோ வெள்ளி. தட்டுகள், கரண்டிகள், விளக்குத் தண்டு, காசுகள். கி.பி. 350ஐ ஒட்டிய கலவர நாட்களில் யாரோ புதைத்துவிட்டுப் போனது. மகள் அவருக்கு அறிவிப்பை வாசித்துத் தமிழில் சொன்னாள். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "திரும்பி வந்து எடுக்கேல்லையா?" மகள், "இல்லையப்பா, அவங்கள் வரவே இல்லை" என்றாள். அவர் வேறொன்றும் பேசவில்லை. 1990களில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த குடும்பம் அவருடையது. கிணற்றடியில் எதைப் புதைத்துவிட்டு வந்தார்களோ, எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

இது எங்கள் வரலாறு அல்ல என்று எழுதினீர்களே, அப்போது அவர் அங்கே எதைப் பார்த்துக்கொண்டு நின்றார்?

3ஆம் நூற்றாண்டில் அந்த மேட்டு நகரம் அழிந்தது. நிலநடுக்கமா, போரா, இரண்டுமா என்று ஆய்வாளர்கள் வாதாடுகிறார்கள். மிஞ்சியவர்களின் வாழ்க்கை சுருங்கி ரைன் கரைக்கு நகர்ந்தது. 300ஆம் ஆண்டை ஒட்டி அங்கே ஒரு கோட்டை எழும்பியது. அதன் தடித்த மதிலில் பழைய நகரத்தின் கற்கள், கல்லறைக் கற்கள்கூட, திரும்பப் பயன்பட்டிருக்கின்றன. கைசர் அவுக்ஸ்டில் அந்த மதில் இன்னும் நிற்கிறது, வீடுகளுக்கு நடுவில். 2001இல் அந்த ஊரில் ஒரு சின்ன மோதிரம் கிடைத்தது. அதில் யூதரின் ஏழுகிளை விளக்கு பொறித்திருக்கிறது. 4ஆம் நூற்றாண்டு. சுவிஸ் மண்ணில் யூதர் ஒருவர் இருந்ததற்கு அதைவிடப் பழைய சான்று இதுவரை இல்லை. கடல் தாண்டிய சமயம் ஒன்றின் அடையாளத்தை விரலில் போட்டுக்கொண்டு யாரோ ஒருவர் இந்த ஆற்றங்கரையில் நடந்திருக்கிறார். 1983க்குப் பிறகு வந்தவர்கள் நாங்கள். இந்த ஆற்றங்கரைக்கு வெளியூர் ஆட்கள் புதிதல்ல.

அதற்காக இல்லாத உறவைக் கட்டச் சொல்லவில்லை. எங்கள் பாடப்புத்தகத்தில் யவனர் வருகிறார்கள், பொன் கொடுத்து மிளகு வாங்கிப் போனவர்கள். அரிக்கமேட்டில் ரோமரின் மதுச்சாடிகள் கிடைத்தன, இலங்கையிலும் பல இடங்களில் ரோமச் செப்புக்காசு கிடைத்திருக்கிறது. யவனர் என்றால் யார் என்று கேட்கும் பிள்ளைக்கு, ரெயினில் கால்மணித்தியாலத்தில் அவர்களின் ஊர் ஒன்றையே காட்டலாம். அது போதும். ஒருமுறை துணைக்கு வந்த ஐயா ஒருவர், இந்த அரங்கே எங்கட ஆட்கள் சொல்லிக்கொடுத்த நுட்பம் என்று தொடங்கினார். அவரைப் பிள்ளைகளோடு ஆடு பார்க்க அனுப்பிவிட்டேன். (அங்கே ஒரு விலங்குத் தோட்டம் இருக்கிறது. ரோமர் காலத்து வீட்டு விலங்குகளை ஒத்த பழைய இன ஆடும் பன்றியும் வளர்க்கிறார்கள். சின்னவர்களுக்கு அரங்கைவிட அதுதான் பிடிக்கும், அதிலும் எனக்கு ஒரு குறையுமில்லை.) பெருமை பேசுவதற்கு அவுக்ஸ்ட் வேண்டாம். எங்கள் பிள்ளைகள் வளரும் மண்ணை எங்கள் மொழியில் சொல்லிப் பழகுவதற்கு வேண்டும்.

காசையும் சொல்லவேண்டும், ஏனென்றால் நீங்கள் சொல்லவில்லை. அவுக்ஸ்டில் வெளியில் இருக்கும் இடிபாடுகளைப் பார்க்கக் கட்டணம் இல்லை, அருங்காட்சியகத்துக்கு மட்டும்தான் சீட்டு. பாசலிலிருந்து எஸ்1 ரெயினில் கைசர் அவுக்ஸ்ட், அங்கிருந்து நடை. பூங்காவுக்கு நீங்கள் அறிவித்திருக்கும் தொகை ஒரு பிள்ளைக்கு 70 பிராங். மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு 210, அதற்கு மேலே சாப்பாடு. என் வகுப்பில் இரண்டு அம்மாக்கள் ஏற்கெனவே தனியாக வந்து, பிள்ளைக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்று சொல்லப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். காசில்லை என்று குழுவில் எழுத யாருக்குத்தான் மனம் வரும்? அவுக்ஸ்டுக்குப் போன 11 வருடத்தில் காசுக்காக ஒரு பிள்ளைகூட நின்றதில்லை.

பூங்காவுக்கு நான் எதிரி அல்ல. என் பிள்ளைகளையும் கூட்டிப்போயிருக்கிறேன், கத்திக் கத்தித் தொண்டை கட்டி வந்தார்கள். விரும்பிய பெற்றோர் ஒரு சனிக்கிழமை சேர்ந்து போகட்டும். அதைத் தமிழ்ப் பாடசாலையின் வருடப் பயணம் என்று சொல்லாதீர்கள்.

சரி, இப்போது நான் கேட்பது.

வியாழக்கிழமை அறிவித்தலை மீளப்பெற்று, இந்த விடயத்தை அடுத்த பெற்றோர் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் முதலாவதாகப் போடுங்கள். வாக்கெடுப்பு நடக்கட்டும், பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவர்களுக்கும் அதில் வாக்கு இருக்கட்டும். தோற்றால் நான் பேசாமல் இருப்பேன்.

பயணம் தொடர்வதானால் அதைச் செப்டம்பர் கடைசிக்கு மாற்றுங்கள். தண்ணீர், நிழல், முதலுதவி மூன்றுக்கும் ஒரு பெற்றோரைப் பொறுப்பாக்குங்கள், என்னை அல்ல. போவதற்கு முந்திய இரண்டு வகுப்புகளை எனக்குத் தாருங்கள். வழிகாட்டுவதை எட்டாம் வகுப்பும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் விடுவோம், தமிழில்.

'அது எங்கள் வரலாறு அல்ல' என்ற வரியை எழுதியவர் யார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அந்த வரி பிள்ளைகளும் இருக்கும் குழுவில் போடப்பட்டது. அதே குழுவில் அதை நீக்கி, ஏன் நீக்கினீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். நேற்று வகுப்பில் ஒரு பிள்ளை, "அப்ப எங்கட வரலாறு எது ரீச்சர், நான் பாசல்ல தானே பிறந்தன்?" என்று கேட்டது. அடுத்த புதன்கிழமை வகுப்புக்கு முன்னால் உங்கள் பதில் எனக்கு எழுத்தில் வேண்டும். அந்தப் பிள்ளைக்கு நான் அன்றைக்குப் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
அவுக்ஸ்டிலிருந்து, உங்கள் பாடசாலையின் தொண்டர் ஆசிரியை ஒருத்தி